ஈரலை அடிப்பது யார்?

இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளை அருகருகே வைத்துக்கொள்வோம். முதலாவது இருபத்திரண்டு வயது இளைஞருடையது. ரத்ததானம் செய்யப் போன இடத்தில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று தெரியவந்தது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைரஸ் 10 கோடி யூனிட்டுக்கு மேல். ஆனால் எஸ்ஜிபிடி வெறும் 24. ஆளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார். இரண்டாவது ரிப்போர்ட் முப்பத்தைந்து வயதுக்காரருடையது. கண் மஞ்சள், சிறுநீர் கடுங்காப்பி நிறம், எஸ்ஜிபிடி 2,100. வைரஸ் அளவோ முதலாமவரிடம் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதுவும் வாரா வாரம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டாமவர் பெரும்பாலும் முழுக்கத் தேறியிருப்பார். முதலாமவர் அந்த வைரஸைப் பல பத்தாண்டுகள் சுமப்பார்.

எஸ்ஜிபிடி என்பது ஈரல் செல்லுக்குள் இருக்கவேண்டிய நொதி. இப்போது பல லேப்கள் ஏஎல்டி என்று போடுகின்றன, இரண்டும் ஒன்றே. செல் உடைந்தால் அது ரத்தத்தில் கசியும். ரத்தத்தில் அதன் பாதி கரைய ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். ஆகவே 2,100 என்றால் இந்த வாரம் ஏராளமான ஈரல் செல்கள் செத்திருக்கின்றன. சரி, வைரஸ் குறைவாக உள்ளவருக்கு ஏன் அத்தனை செல் சாகவேண்டும்? வைரஸ் குவிந்து கிடப்பவருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தவர் ஃபிரான்சிஸ் கிசாரி. கலிஃபோர்னியாவில் லா ஹோயாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1970களிலிருந்து இருந்தவர். ஹெபடைடிஸ் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது நோபல் வாங்கியவர்கள்தான்: 1960களில் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்ற பெயரில் பி வைரஸின் மேலுறையைக் கண்ட பரூக் புளூம்பெர்க், 2020இல் சி வைரஸுக்காகப் பரிசு பெற்ற ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹாட்டன், சார்ல்ஸ் ரைஸ். அவர்கள் 'எந்த வைரஸ்' என்பதைச் சொன்னார்கள். 'அது எப்படி நோய் ஆகிறது' என்பதற்கான விடையில் பெரும்பகுதி கிசாரியின் ஆய்வுக்கூடத்திலிருந்தும், அங்கே பயின்று போனவர்களிடமிருந்தும் வந்தது. என் கணக்கில் இரண்டாவது வேலைதான் கடினம்.

முதல் தடை சோதனைப் பிராணி. ஹெபடைடிஸ் பி மனிதனையும் சிம்பன்ஸியையும் தொற்றும், சாதாரண எலியைத் தொற்றாது. ஏன் என்பது 2012இல்தான் தெளிவானது. ஈரல் செல்லின் மேல் பித்த உப்பை உள்ளே இழுக்கும் என்டிசிபி என்ற புரதம் இருக்கிறது. வைரஸ் அதைப் பிடித்துக்கொண்டுதான் நுழைகிறது. எலியின் என்டிசிபி சற்றே வேறு அமைப்பு, வைரஸுக்கு அதில் பிடி கிடைக்காது. 1980களில் இது யாருக்கும் தெரியாது. ஆனால் வாசல் வழியாகப் போகாவிட்டால் என்ன, வைரஸின் மரபணுவை எலியின் குரோமோசோமிலேயே பிறப்பிலிருந்து செருகிவிடலாமே என்று கிசாரி குழு இறங்கியது. மரபணு மாற்று எலியில் கைதேர்ந்த ரிச்சர்ட் பால்மிட்டரும் ரால்ஃப் பிரின்ஸ்டரும் கூட்டு.

அந்த எலியைச் செய்வது இப்படி. கருவுற்ற முட்டைகளைத் தாய் எலியிலிருந்து எடுக்கவேண்டும். ஒரு கண்ணாடிக் குழாய் முட்டையை மெல்ல உறிஞ்சிப் பிடித்திருக்கும். அதைவிட மெல்லிய இன்னொரு ஊசி உள்ளே நுழைந்து, விந்திலிருந்தும் முட்டையிலிருந்தும் வந்த இரண்டு உட்கருக்கள் இணையுமுன் ஒன்றுக்குள் ஒன்றிரண்டு பிக்கோலிட்டர் டிஎன்ஏ கரைசலை விடும். உட்கரு லேசாக உப்புவதைப் பார்த்ததும் நிறுத்தவேண்டும், ஒரு நொடி தாமதித்தால் வெடித்துவிடும். பிழைத்த முட்டைகளை வளர்ப்புத் தாயின் கருக்குழாயில் வைப்பார்கள். பிறக்கும் குட்டிகளில் பத்தில் ஒன்றோ இரண்டோ மட்டும் மரபணுவை ஏற்றிருக்கும். வால் நுனியைக் கிள்ளி டிஎன்ஏ எடுத்துத்தான் எது என்று கண்டுபிடிக்கவேண்டும். அதன் பிறகும் தொல்லை தீராது. மரபணு குரோமோசோமில் எங்கே போய் உட்காரும் என்பது நம் கையில் இல்லை. ஊமையான இடத்தில் உட்கார்ந்தால் புரதமே வராது. அதனால் ஒரே டிஎன்ஏவிலிருந்து பல வம்சங்களை வளர்த்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு புரதம் என்று அளந்து, உருப்படியான ஒன்றிரண்டைத்தான் வைத்துக்கொள்வார்கள்.

1985இல் சயன்ஸ் இதழில் வந்த எலிகளின் ஈரல், வைரஸின் மேலுறைப் புரதத்தைச் செய்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருந்தது. ஈரலை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. வைரஸ் புரதம் தன்னளவில் செல்லைக் கொல்வதில்லை. நம் இருபத்திரண்டு வயதுக்காரரின் நிலைதான் அது. அந்த எலிக்குப் பிறந்ததிலிருந்தே அந்தப் புரதம் உடம்பில் இருப்பதால் அதன் எதிர்ப்பு அணுக்கள் அதைச் சொந்தப் பொருளாகவே எண்ணிவிட்டன. பிரசவத்தின்போது தாயிடமிருந்து வைரஸ் பெற்ற குழந்தைக்கு நடப்பதும் ஏறக்குறைய இதேதான். அப்படித் தொற்றும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் வைரஸ் நிலைத்துவிடும். வயது வந்தபின் தொற்றினால் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு.

விதிவிலக்கு ஒன்று உண்டு, மறைக்கக்கூடாது. மேலுறைப் புரதத்தில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று வகை. பெரிய வகையை அளவுக்கு மீறிச் செய்யவைத்த எலிகளில் அது செல்லைவிட்டு வெளியேற முடியாமல் இழை இழையாக உள்ளேயே தேங்கியது. செல்லின் உட்பகுதி தேய்த்த கண்ணாடிபோல மங்கியது. பயாப்ஸி (ஈரல் துணுக்கை எடுத்து ஆராய்வது) பார்ப்பவர்கள் நோயாளியின் ஈரலிலும் இதே 'கிரவுண்ட் கிளாஸ்' செல்லைப் பார்ப்பார்கள். அந்த எலிகளின் ஈரல் கெட்டது, பின்னர் புற்றுநோயும் வந்தது. ஈரல் மாற்று செய்து, எதிர்ப்புசக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் சிலருக்கும் வைரஸ் கட்டுக்கடங்காமல் பெருகி இப்படி நேரடியாகவே ஈரலைக் கெடுப்பதுண்டு. மற்றபடி, சாதாரணமாக நடப்பது இது இல்லை.

அடுத்த கட்டம், எலிக்கு வெளியிலிருந்து படை அனுப்புவது. மரபணு மாற்றாத, அதே இனத்து எலிக்குத் தடுப்பூசி போடுவதுபோல வைரஸ் புரதத்தைக் காட்டிப் பழக்கவேண்டும். அதன் மண்ணீரலிலிருந்து சிடி8 டி செல்களை (தொற்றிய செல்லைத் தேடிக் கொல்லும் வெள்ளணுக்கள்) எடுத்து, வைரஸ் புரதத் துணுக்கைக் காட்டிக்காட்டி வாரக்கணக்கில் பெருக்கி, மரபணு மாற்று எலியின் ரத்தக் குழாயில் செலுத்தவேண்டும். எண்ணிக்கை லட்சங்களில் தொடங்கி ஒரு கோடி வரை போகும். இங்கே தவறக்கூடியவை நிறைய. இரண்டு எலிகளும் திசு அடையாளத்தில் பொருந்தாவிட்டால் டி செல் வைரஸை விட்டுவிட்டு எலியையே அந்நியமாக நினைத்து அடிக்கும், முடிவு முழுவதும் குப்பை. செல்களை அதிக நாள் வளர்த்துவிட்டால் அவை களைத்துப்போய் ஈரலுக்குப் போகாமல் நுரையீரலிலேயே தேங்கிவிடும்.

சரியாகச் செய்தால் சில மணி நேரத்தில் ஈரலில் ஆங்காங்கே சுருங்கிச் சிவந்த ஒற்றைச் செல்கள் தெரியும். டி செல் நேராகத் தொட்டுக் கொன்றவை அவை, எண்ணிக்கையில் சொற்பம். ஒன்றிரண்டு நாளில் டி செல் விடும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தின் அழைப்பைக் கேட்டு மற்ற வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து சேரும். கொன்றது பத்து என்றால் கூடியது ஆயிரம். எஸ்ஜிபிடி எகிறுவது இந்தக் கூட்டத்தால்தான். மேலுறைப் புரதம் தேங்கிய எலிகளில் இந்தச் சண்டை ஈரலையே செயலிழக்க வைத்தது. 1990, 1993 கட்டுரைகளோடு 'ஹெபடைடிஸ் என்பது வைரஸுக்கு எதிரான நம் சொந்தச் சண்டையின் சேதம்' என்ற கருத்து உறுதிப்பட்டது.

எலியில் காட்டியது மனிதருக்கும் பொருந்தவேண்டுமே. அந்தப் பக்கத்தை இத்தாலியின் பார்மா நகரிலிருந்த கார்லோ ஃபெராரி குழுவுடன் சேர்ந்து செய்தார்கள். நோயாளி ரத்தத்தில் இந்த வைரஸைக் குறிவைக்கும் டி செல்கள் மிகக் குறைவு. எனவே வைரஸ் புரதத்தைச் சிறு பெப்டைடுகளாக வெட்டி, எது எந்த டி செல்லை உசுப்புகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். 1991இல் கிடைத்தது, வைரஸின் உள்ளுறைப் புரதத்தில் 18 முதல் 27 வரையிலான பத்து அமினோ அமிலங்கள். எச்எல்ஏ-ஏ2 திசு அடையாளம் உள்ளவர்களின் டி செல் அதைப் பிடிக்கிறது. இன்றைக்கும் இந்தத் துறையில் டி செல் எண்ண நினைப்பவர்கள் முதலில் எடுப்பது இதைத்தான்.

அப்போது கொல்லும் திறனை அளந்த முறை இந்தத் தலைமுறை மாணவர்களுக்குத் தெரியாமல் போகிறது, ஆகவே கொஞ்சம் சொல்கிறேன். இலக்குச் செல்லுக்குக் கதிரியக்கக் குரோமியம்-51 ஊட்டி, நன்றாகக் கழுவி, பெப்டைடைப் பூசுவார்கள். கிண்ணத்தில் ஒரு இலக்குச் செல்லுக்கு ஐம்பது டி செல், இருபத்தைந்து, பன்னிரண்டு என்று விகிதத்தைக் குறைத்துக்கொண்டே கலந்து நான்கு மணி நேரம் 37 டிகிரியில் வைப்பார்கள். செத்த செல்லிலிருந்து குரோமியம் மேல்நீரில் கசியும், அதை எண்ணவேண்டும். டி செல் இல்லாமல் தானாகக் கசிந்ததை இரண்டு பக்கமும் கழிக்கவேண்டும்: சோதனையில் கசிந்ததிலிருந்தும், சோப்பு போட்டு எல்லாச் செல்லையும் உடைத்தால் வருவதிலிருந்தும். முதல் விடையை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் கொலைச் சதவீதம். தானாகக் கசிவது முப்பது சதவீதத்தைத் தாண்டினால் அன்றைய சோதனையைக் குப்பையில் போடவேண்டியதுதான், இலக்குச் செல்கள் முன்பே நோஞ்சான் என்று பொருள். விகிதம் குறையக் குறையக் கொலையும் படிப்படியாகக் குறையாவிட்டால் அந்த எண்ணையும் நம்பக்கூடாது.

இதுவரை கதை நேர்கோடு. டி செல் கொல்கிறது, செல் சாகிறது, வைரஸும் சேர்ந்து சாகிறது. கணக்குப் போட்டபோதுதான் இடித்தது. மனித ஈரலில் சுமார் பத்தாயிரம் கோடி ஈரல் செல்கள். கடுமையான தொற்றில் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் வைரஸ் இருக்கும். வைரஸை ஒழிக்க ஒவ்வொரு செல்லையும் கொன்றுதான் தீரவேண்டும் என்றால் ஈரலே மிஞ்சாது, ஆள் செத்துவிடுவார். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் பிழைத்து, வைரஸையும் துரத்திவிடுகிறார்களே! அதோடு, அத்தனை செல்லையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கொல்ல அத்தனை டி செல்லும் உடம்பில் கிடையாது.

இதற்கு கிசாரி கூடத்தின் லூகா குயிடோட்டி செய்த எலி உதவியது. 1995இல் வந்த இந்த எலியின் ஈரலில் புரதம் மட்டுமில்லை, முழு வைரஸே உருவாகி ரத்தத்தில் வரும். வைரஸின் மரபணு 3,200 எழுத்து நீளமுள்ள வட்டம். அதை ஒரே ஒரு சுற்று நறுக்கிச் செருகினால் வேலைக்கு ஆகாது. ஏனென்றால் வைரஸ் பெருகத் தேவையான ஆர்என்ஏ ஒரு சுற்றைவிட நீளமானது, தொடங்கிய இடத்தைத் தாண்டிப் போய் முடிவது. அதனால் 1.3 சுற்று நீளத்தைச் செருகினார்கள். இந்த எலிக்கு டி செல் செலுத்தியபோது எஸ்ஜிபிடி ஓரளவு ஏறியது, சொற்பச் செல்களே செத்தன. ஆனால் ஐந்து நாளுக்குள் மொத்த ஈரலிலும் வைரஸின் ஆர்என்ஏவும் பெருகும் டிஎன்ஏவும் காணாமல் போயிற்று. செல்கள் உயிரோடு இருந்தன, உள்ளே வைரஸ் மட்டும் இல்லை.

கொலையால் இல்லை என்று எப்படி உறுதி செய்வது? டி செல் கொல்வதற்கு இரண்டு ஆயுதம்: துளை போடும் பெர்ஃபோரின், சாகச் சொல்லும் ஃபாஸ் சமிக்ஞை. இவை பழுதான டி செல்களை அனுப்பினார்கள். ஈரல் சேதம் அடங்கியது, வைரஸோ முன்போலவே மறைந்தது. பிறகு இன்டர்ஃபெரான் காமாவையும், டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதத்தையும் ஆன்டிபாடியால் மடக்கினார்கள். வைரஸ் அசையவில்லை. 1996இல் வெளியான இந்த முடிவுதான் கிசாரியின் வாழ்நாள் உழைப்பில் மணிமகுடம் என்பேன். டி செல் ஒரு கையால் சில செல்லைக் கொல்கிறது. மறு கையால் இந்த இரண்டு சமிக்ஞைப் புரதங்களையும் தூவி, சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான செல்களை உள்ளிருந்தபடியே வைரஸைக் கழுவிக்கொள்ள வைக்கிறது.

எலிச் சோதனையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மனித ஈரலில் வைரஸ் உட்கருவுக்குள் போய் சிசிசிடிஎன்ஏ என்ற மூடிய வட்டமாக உட்கார்ந்துவிடும், மூலப் பிரதி மாதிரி. டெனோஃபோவிர், என்டகாவிர் மாத்திரைகள் வைரஸ் பெருகுவதைத்தான் நிறுத்துகின்றன, இந்த மூலப் பிரதியைத் தொடுவதில்லை. அதனால்தான் மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு வைரஸ் திரும்பி வருகிறது. எலி செல்லில் அந்த வட்டம் உருவாவதில்லை. வைரஸ் மரபணுவோ எலியின் குரோமோசோமிலேயே பதிந்தது, அதை யாராலும் துரத்த முடியாது. எனவே சிம்பன்ஸியிடம் போகவேண்டியதாயிற்று.

வாரா வாரம் ஊசிப் பயாப்ஸி எடுத்துப் பார்த்த அந்தச் சோதனை 1999இல் வந்தது. ஈரலில் வைரஸ் டிஎன்ஏவின் பெரும்பகுதி மறைந்தது, டி செல் கூட்டமும் எஸ்ஜிபிடியும் உச்சத்துக்குப் போவதற்கு முன்பே. முதலில் கழுவல், பிறகுதான் பெரும் சேதம். 2003இல் இன்னொரு படி. சிடி8க்குத் துணை நின்று ஏவும் சிடி4 செல்களைத் தொற்றின் உச்சகட்டத்தில் நீக்கினார்கள், ஒன்றும் மாறவில்லை. சிடி8 செல்களை நீக்கினார்கள், வைரஸ் அப்படியே நின்றது, ஈரல் சேதமும் வரவில்லை. செல்கள் திரும்பி வந்ததும் இரண்டும் ஒன்றாகத் தொடங்கின. நோயைத் தருபவனும் குணப்படுத்துபவனும் ஒரே ஆள் என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் கிடையாது.

அந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது 2009இல் வந்த அளவுச் சோதனை. சிம்பன்ஸிகளுக்கு ஆயிரம் கோடி, ஒரு கோடி, பத்தாயிரம், பத்து, ஒன்று என்று வைரஸ் துகள் எண்ணிக்கையை மாற்றி மாற்றிச் செலுத்தினார்கள். ஆயிரம் கோடி பெற்றதில் ஈரல் முழுதும் தொற்றியது, நெடுநாள் சண்டைக்குப் பின் தீர்ந்தது. ஒரு கோடியும் பத்தாயிரமும் பெற்றவற்றில் ஆயிரத்தில் ஒரு ஈரல் செல்லைக்கூடத் தாண்டாமல் அடங்கியது. பத்தும் ஒன்றும் பெற்றவற்றில்தான் வினோதம். மீண்டும் ஈரல் முழுவதும் பரவியது. ஒன்று பெற்றதில் நெடுநாள் சண்டைக்குப் பின்தான் தீர்ந்தது, பத்து பெற்றவற்றில் தொற்று நீண்டது அல்லது நிலைத்தே விட்டது. அளவு குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நினைப்போம், இங்கே தலைகீழ். காரணம், இந்த வைரஸ் சத்தம் போடாது. அதே கூடத்தின் ஸ்டீஃபன் வீலாண்ட் 2004இல் காட்டியபடி, அது பரவும் முதல் வாரங்களில் ஈரல் செல் எந்த அபாய மணியையும் அடிப்பதில்லை. சிடி4 செல் நேரத்தோடு விழித்துக்கொண்டால் சண்டையில் வெல்லலாம். துகள் மிகக் குறைவாக இருந்தால் அது விழிப்பதற்குள் திருடன் வீடு முழுக்கக் குடியேறிவிடுவான். பத்தாயிரம் துகள் தரும் முன்பே சிடி4ஐ நீக்கியபோது அந்த அளவிலும் தொற்று நிலைத்துவிட்டது.

அப்படிப்பட்ட சோதனைகள் இனி வராது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2015இல் சிம்பன்ஸி ஆராய்ச்சிக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. நியாயம்தான், அந்த விலங்கின் முகத்தைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் மேலே சொன்ன விடைகளை வேறெந்தப் பிராணியிலும் பெற்றிருக்க முடியாது என்பதும் உண்மை.

சண்டை வெல்லவும் இல்லை, ஓயவும் இல்லை என்றால்? அதற்கு 1998இல் ஒரு எலிச் சோதனை. மேலுறைப் புரதம் செய்யும் எலியின் தைமஸை (டி செல் முதிரும் சுரப்பி) அகற்றி, கதிர்வீச்சால் எலும்பு மஜ்ஜையை அழித்து, மரபணு மாற்றாத எலியின் மஜ்ஜையை வைத்து, தடுப்பூசி போட்ட எலியின் மண்ணீரல் செல்களையும் கொடுத்தார்கள். பழைய எலி, புதிய படை. எஸ்ஜிபிடி கொஞ்சமாக, ஆனால் மாதக்கணக்கில் உயர்ந்தே இருந்தது. ஓராண்டுக்கு மேல் ஆனதும் ஈரலில் புற்றுக் கட்டிகள். செல் சாவதும் அதை ஈடுகட்டப் பக்கத்துச் செல் பிரிவதும் மீண்டும் மீண்டும் நடக்க, ஒவ்வொரு பிரிதலிலும் பிழை சேர்கிறது. ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி 70, 80 என்று வருடக்கணக்கில் நிற்பதை 'லேசாத்தான் கூட இருக்கு' என்று ஒதுக்கக்கூடாது என்பது இதனால்தான். எதிர்ப்புறமும் ஒன்று சொல்லவேண்டும்: சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகுவது) முற்றியவரின் எஸ்ஜிபிடி நார்மலாக வரலாம். உடைய செல் மிச்சமில்லை, அவ்வளவுதான். கூடவே பிளேட்லெட்டும் ஆல்புமினும் குறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் அந்த நார்மலை நம்பவேண்டாம்.

பிளேட்லெட் என்றதும் குயிடோட்டியும் மத்தேயோ இயனகோனேயும் பிற்காலத்தில் கண்டது நினைவுக்கு வருகிறது. ஈரலின் நுண் ரத்தக்குழாய்ச் சுவரில் சல்லடைபோல ஓட்டைகள் உண்டு. டி செல் ரத்தத்தில் மிதந்து வந்து, அங்கே ஒட்டியிருக்கும் பிளேட்லெட் திரளில் சிக்கி நிற்கிறது. குழாயை விட்டு இறங்காமலே அந்த ஓட்டைகளின் வழியே கையை நீட்டி ஈரல் செல்லைத் தடவிப் பார்க்கிறது. ஜன்னல் வழியாகக் கைவிட்டு வீட்டுக்குள் துழாவுவதுபோல. எலியில் பிளேட்லெட்டை நீக்கினால் டி செல் சேர்வதும் சேதமும் குறைந்தன. பிளேட்லெட்டை அடக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் கொடுத்த எலிகளில் புற்றுநோயும் தள்ளிப்போனது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக ஆஸ்பிரின் போடவேண்டாம். சிரோசிஸ் உள்ளவருக்கு உணவுக்குழாய் ரத்தநாளம் வெடித்தால் அதுவே எமன்.

ஹெபடைடிஸ் சியை இங்கே சுருக்கமாக விடுகிறேன். அதைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கவே 2005 வரை முடியவில்லை. ஜப்பானிய நோயாளி ஒருவரிடமிருந்து டகாஜி வகிட்டா எடுத்த ஜேஎஃப்எச்-1 என்ற வைரஸ் வகையை வைத்து அந்த ஆண்டு மூன்று குழுக்கள் வளர்த்துக் காட்டின, கிசாரியுடையது அதில் ஒன்று. இன்று மூன்று மாத மாத்திரையில் சி தீர்ந்துவிடுகிறது. பி தீரவில்லை.

நம்மூர்ப் பக்கமும் ஒரு இழை உண்டு. மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி என்பது தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழு, அதே புளூம்பெர்க்கையும் சேர்த்துக்கொண்டு, கீழாநெல்லிப் பொடியை நாட்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு 30 நாள் கொடுத்துப் பார்த்து 1988இல் லான்செட்டில் எழுதியது. பொடி சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் மறைந்தது, வெறும் மாத்திரை பெற்றவர்களில் 4 சதவீதம். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்து உட்பட மற்ற இடங்களில் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. கிசாரியின் வேலையை அறிந்தவருக்கு ஊர் நம்பிக்கையின் வேர் எளிதில் புரியும். புதிதாகத் தொற்றி மஞ்சளாகி வந்த பெரியவருக்கு, கண் மஞ்சளாகும்போதே டி செல் பாதி வேலையை முடித்திருக்கும். அந்த வாரத்தில் எதை அரைத்துக் கொடுத்தாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேறிவிடுவார்கள், பேர் மட்டும் மருந்துக்குப் போகும். ஏ, இ வகைக் காமாலையும் பெரும்பாலும் தானே தீர்வதுதான். ஆபத்து எங்கே என்றால், மீதி ஐந்து பேரும், முதலில் சொன்ன அந்த இருபத்திரண்டு வயதுக்காரரும் 'நாட்டு மருந்து எடுத்தாச்சு' என்று ரிப்போர்ட்டைப் பெட்டியில் வைத்துவிடுவதில்.

குழந்தைக்கு வருவோம். தொற்றும் வயதுதான் எல்லாம் என்று தெரிந்தபின் செய்யவேண்டியது சுலபம்: பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி, அரை மில்லி, தொடையின் முன்பக்க வெளித்தசையில். பிறகு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியில் சேர்ந்தே வந்துவிடும். தாய்க்கு பாசிட்டிவ் என்றால் 12 மணி நேரத்துக்குள் மறு தொடையில் இம்யூனோகுளோபுலினும் (வைரஸுக்கு எதிரான தயார் ஆன்டிபாடி) சேரவேண்டும். கெடுவது எங்கே தெரியுமா? குளிர்ப்பெட்டியில். இந்தத் தடுப்பூசியில் அலுமினிய உப்பு இருக்கிறது. 2 முதல் 8 டிகிரியில் வைக்கவேண்டியதை ஐஸ் கட்டியோடு ஒட்டவைத்து உறையவிட்டால் உப்பு திரண்டுவிடும், மருந்து வீண். உறைந்ததா என்று சந்தேகம் வந்தால் குலுக்கிவிட்டு நிறுத்திப் பார்க்கலாம், கெட்டது சீக்கிரம் அடியில் வண்டலாகப் படியும்.

கடைசியாக ஒன்று, இந்த ஆராய்ச்சியில் பலருடைய உயிரோடு நேராக ஒட்டிய பகுதி. கிசாரி கூடத்தில் இருந்தபோது பார்பரா ரெஹர்மன் 1996இல் காட்டினார்: ஹெபடைடிஸ் பி வந்து முழுக்கத் தேறி, பத்தாண்டுகள் கடந்தவர்களின் உடம்பிலும் வைரஸ் மிக நுண்ணிய அளவில் இருக்கிறது, டி செல்கள் அதைக் காவல் காத்துக்கொண்டே இருக்கின்றன. முதலில் சொன்ன முப்பத்தைந்து வயதுக்காரருக்கு அறுபது வயதில் லிம்போமா (நிணநீர்ப் புற்று) வந்து, எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையை அழிக்கும் ரிடக்ஸிமாப் என்ற மருந்தைப் போட்டால் காவல் தளரும், வைரஸ் எழும். சிகிச்சை முடிந்து எதிர்ப்புப் படை மீளும்போது அது ஈரல் முழுக்க வைரஸைப் பார்த்துப் பாயும். எஸ்ஜிபிடி ஆயிரக்கணக்கில். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் இந்த மருந்தின் அட்டையிலேயே கறுப்புப் பெட்டி எச்சரிக்கையாக இதைப் போடவைத்தது.

ஆகவே அந்த மருந்துக்கு முன் எச்பிஎஸ்ஏஜி (வைரஸின் மேலுறைப் புரதச் சோதனை) மட்டும் பார்த்தால் போதாது, தேறியவருக்கு அது நெகட்டிவாகத்தான் இருக்கும். ஆன்டி எச்பிசி டோட்டல் (உள்ளுறைப் புரதத்துக்கு எதிரான பழைய, புதிய ஆன்டிபாடி எல்லாம்) கேட்கவேண்டும். சீட்டில் 'டோட்டல்' என்று எழுதாவிட்டால் லேப் ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி வகையை மட்டும் போட்டு நெகட்டிவ் என்று அனுப்பிவிடலாம். ஐஜிஎம் புதிய தொற்றைக் காட்டும், முப்பது வருடப் பழையதைக் காட்டாது. டோட்டல் பாசிட்டிவ் என்றால் ரிடக்ஸிமாப் தொடங்குமுன்பே டெனோஃபோவிரோ என்டகாவிரோ ஆரம்பித்து, கடைசி டோஸுக்குப் பின் குறைந்தது 12 மாதம், பலர் சொல்வது 18 மாதம், தொடரவேண்டும். நிறுத்திய பிறகும் ஓராண்டு எஸ்ஜிபிடியும் வைரஸ் அளவும் பார்க்கவேண்டும், திரும்பி எழுவது பெரும்பாலும் அப்போதுதான். நோயாளிக்கு ஐவிஐஜி (பலர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிக் கலவை) ஏற்றியிருந்தால் கொடுத்தவர்களின் ஆன்டிபாடி கலந்து டோட்டல் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும், அதனால் ரத்தத்தை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.